பின்பக்கம் வெள்ளை

மிட்டாய்ப் பொட்டலத்தோடு வரும் கிரிக்கெட் கார்டுகளைக் கல்யாணமான ஒருவன் சேர்ப்பதே கேலிக்கூத்து. அறுபதுகளில் மாட்டுங்காவில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். சட்டைப்பையில் எப்போதும் பூதக்கண்ணாடி இருக்கும். ஆட்டக்காரரின் மூக்குக்கு வெளியே சிவப்பு மை வழிந்திருந்தால், "அச்சுப் பிழை, அபூர்வம்" என்று தனி உறையில் போடுவேன். மட்டையைக் கையால் தொட்டதுண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் தொகுப்பில் ஒரே ஒரு கார்டுதான் குறை: விக்கெட் கீப்பர். அது கிடைக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒரு பழைய புத்தகத்துக்குள் ஒரு கார்டு அகப்பட்டது. என்னிடம் ஏற்கெனவே இருந்த பந்துவீச்சாளர்தான். ஆனால் மற்ற கார்டுகளில் ஆட்டக்காரரின் விவரம் இருக்கும் பின்பக்கம், இதில் வெறும் வெள்ளை. அச்சகத்தில் நிறம் சரிபார்க்க முதலில் முன்பக்கத்தை மட்டும் அடித்துப் பார்ப்பார்கள், அந்த ப்ரூஃப் வெளியே வரவே வராது என்று எங்கோ படித்திருந்தேன். பேரம் பேசாமல் புத்தகத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸில், செம்பூரிலிருந்து வரும் சக குமாஸ்தாவிடம் காட்டினேன். அவருக்கும் இதே பைத்தியம். அவரிடம் கீப்பர் இருந்தது.

"ஓய், கீப்பரைத் தரேன். இதைக் கொடும்" என்றார்.

மடையன் நான், அங்கேயே கீப்பரை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். டிபன் வேளை முழுக்க ப்ரூஃபின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். "பத்து கீப்பர் கொடுத்தாலும் இதுக்கு ஈடாகாது ஓய்." அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

வீட்டில் மனைவி கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன்னா, பின்னாடி பேப்பர்னா ஒட்டிண்டிருக்கு."

"உனக்கு ப்ரூஃபைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஓரம் தூக்கிண்டிருக்கு, அவ்வளவுதான்."

அவள் வாயை அடைப்பதற்காக நானே கார்டை இட்லிக் கொப்பரையின் ஆவியில் பிடித்தேன். பசை இளகி, வெள்ளைத் தாள் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பந்துவீச்சாளரின் விவரம் முழுசாக இருந்தது. யாரோ ஆல்பத்தில் ஒட்டிவைத்ததைத் தாளோடு சேர்த்துக் கத்தரித்திருக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை, இட்லியை எடுத்து வைத்தாள். சிரித்திருந்தால் தேவலை.

கெஞ்சியாவது கீப்பரை வாங்கிவிடுவது என்று, என்னிடமிருந்த நல்ல கார்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் ஆபீஸுக்குப் போனேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். வாயெல்லாம் பல்.

"ஓய், நீர் சொன்னப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. எங்க பில்டிங்ல ஒருத்தர்கிட்டே பின்பக்கம் வெள்ளையா ஒண்ணு இருந்தது. கீப்பரைக் கொடுத்து மாத்திண்டுட்டேன். பாவம், மனுஷன் ஏமாந்துட்டார்."

கார்டை என் கையில் வைத்தார். ஓரத்தில் தாள் லேசாகத் தூக்கியிருந்தது.

"பக்கா ப்ரூஃப்தானே? உம்மை நம்பித்தான் கொடுத்தேன்."

பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தேன். மாட்டுங்காவிலிருந்து கல்யாண் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், என்னை நிபுணன் என்று நம்புகிற ஆள் இவர் ஒருவர்தான்.

"பக்கா" என்றேன்.