லேமினேட் பண்ணின டிரஸ்ட் பத்திரம்

இன்னைக்கு தருமபுரி ஆடிட்டர் ஆபீசுல எங்க டிரஸ்ட் பத்திரத்தை நீட்டினேன். நனையக் கூடாதுன்னு லேமினேட் பண்ணி வச்சிருந்தேன்.

ஆடிட்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, "ஒரிஜினலையா சார்?"னாங்க.

சித்தேரி மலைப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக அஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச டிரஸ்ட் இது. ஓசூர் கம்பெனிக்காரர் ஒருத்தர் வேன் வாங்கித் தர்றேன்னுட்டார். வருமான வரியில பதிஞ்ச சான்று மட்டும் கேட்டார்.

"பத்திர ஆபீசுலதான் பதிஞ்சாச்சுங்களே"ன்னேன்.

"அது வேற சார். வருமான வரிக்கு டிரஸ்டிங்க தனியா விண்ணப்பிச்சுப் பதியணும். இனிமே போட்டா மாசக்கணக்கா ஆகும்."

கூட வந்த டிரஸ்டி பெருமாளண்ணன் சித்தேரிக்காரர். மெதுவாக் கேட்டார். "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வண்டி வந்துருங்களா? எம்பொண்ணு பதினொண்ணாவது போகணும். பஸ்ஸை நம்பி அனுப்ப மாட்டேங்கறா அவங்கம்மா."

அந்தம்மா பத்திரத்தை என் பக்கமே தள்ளி வச்சாங்க. "போன வருசமே உங்க டிரஸ்ட்டுல ஒருத்தருக்கு இதைப் பதியச் சொல்லி போன்ல சொன்னேனே, யாருங்க அவரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"விசாரிச்சுச் சொல்றோம்ங்க"ன்னேன்.

வெளிய வந்ததும் அண்ணனே டீ வாங்கிக் கொடுத்தார். "யாரோ மறந்திருப்பாங்க, விடுங்க"ன்னார்.

உங்க ஊர் டிரஸ்ட்டுலயும் கல்யாணப் பத்திரிகையில 'அறங்காவலர்'னு போட்டுக்கற ஆள் ஒருத்தர் இருப்பார். வருமான வரியில பதிஞ்சாச்சான்னு இன்னைக்கே கேளுங்க. என்ன சொன்னார்னு இங்க எழுதுங்க.

டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் என் வாயில வராத ஒண்ணு இருக்கு.

அந்த போனை எடுத்தவன் நாந்தாண்ணா.