ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்

மறியல் செய்வது ஒரு தொழில் என்றால், மறியலுக்கு ஆள் கூப்பிடுவது அதைவிட மானக்கேடான தொழில். கோயில் கூட்டத்துக்கோ, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ போன் போட்டுப் போட்டுத் தொண்டை வறண்டவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் சொந்தக்காரர். உங்கள் விசேஷத்திலாவது கடைசியில் ஒரு சாப்பாடு இருக்கும். எங்களிடம் வெயிலும் மழையும்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. சொற்போரில் எதிரணிக்காகப் பேசியே வளர்ந்தவள். நீண்ட விடுமுறையில் ஈப்போ நகரில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருக்கும் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தேன். ஒரு தொழிற்சங்கம் போராடினால் மற்ற சங்கங்களை ஆதரவுக்குத் திரட்டுவது அந்த அலுவலகத்தின் வேலை. அலுவலகம் என்றால் செயலாளர் மரியதாஸ் அண்ணன், ஒரு மேசைவிசிறி, அப்புறம் நான்.

போன முதல் நாளே கையில் விழுந்தது கமலா அக்காவின் விஷயம். கமுந்திங் தொழிற்பேட்டையில், தண்ணீர்க் குழாய்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு தொழிற்சாலை. கமலா அக்கா அங்கே வருடக்கணக்காக மிஷின் ஓட்டியவர். சங்கம் வேண்டும் என்று ஒவ்வொரு மிஷின் லைனாகப் போய் ஆள் சேர்த்தார். வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். காரணம், சூப்பர்வைசரிடம் குரலை உயர்த்திப் பேசினாராம். அந்தக் கட்டடத்தில் மிஷின் ஓடும்போது குரலை உயர்த்தாமல் ஒருவர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது! மறியலில் எங்கள் கோரிக்கை இரண்டு: சங்கத்தை ஏற்றுக்கொள், கமலாவைத் திரும்ப எடு. எனக்கு இரண்டாவதுதான் முதலாவது.

ஆதரவு உண்டு

நான் முதன்முதலில் போன் போட்டது ஓர் அலுவலக ஊழியர் சங்கத்தின் தலைவருக்கு. தங்கமான மனிதர். கமலா அக்கா கதையைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கொதித்தார். “அநியாயம்லா இது! இந்தக் காலத்துலயும் இப்படியா?” என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஒரு வேன் ஆள் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்ப வெள்ளிக்கிழமை வந்திருங்கண்ணே” என்றேன். வெள்ளிக்கிழமை கஷ்டம் என்றார். வியாழன் வைத்துக்கொள்ளலாமா என்றேன். வியாழன் அதைவிடக் கஷ்டம் என்றார். உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள், மறியலையே அந்த நாளுக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று நான் விடாமல் மல்லுக்கட்டினேன். பிறகு, வீட்டில் யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல, தணிந்த குரலில் சொன்னார்:

“தங்கச்சி, எங்க சங்கத்தோட ஆதரவு முழுசா உங்களுக்குத்தான், ஆளுதான் அனுப்ப முடியாது.”

சார்ஜனிடம் ஒரு சொற்போர்

ஆள் கூப்பிடுவதில் உள்ள பெரிய கூத்தை இன்னும் சொல்லவில்லை. எத்தனை பேரைக் கூட்டி வந்தாலும் அவர்கள் மறியலில் நிற்க முடியாது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் அதன் வாசலில் நிற்கலாம், சட்டம் அப்படி. ஆதரவாளர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம், சாக்கடை ஓரமாக நிற்க வேண்டும். அதாவது ஊரெல்லாம் கெஞ்சி நான் திரட்டுகிற கூட்டம், தூரத்தில் நின்று பார்ப்பதற்கான கூட்டம்.

எனக்கு இது தெரியாது. முதல் மறியலன்று நேராகத் தொழிற்சாலை கேட்டுக்கே போய்க் கோஷம் போட்டேன். காவலுக்கு வந்திருந்த போலீஸ் சார்ஜன் வயதான மலாய்க்காரர். தங்கையைக் கூப்பிடுவதுபோல ‘அடிக், அடிக்’ என்று கூப்பிட்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். நான் விடுவேனா? ஒன்றுகூடும் உரிமை, பேச்சுரிமை, அடுத்தவன் துன்பத்தில் பங்கெடுக்கும் உரிமை என்று மலாயில் வெளுத்து வாங்கினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார். தமிழில் சொல்வதானால் இப்படி:

“நல்லாப் பேசுற அடிக், எல்லாமே சரிதான். அந்தப் பக்கம் போய் நின்னு பேசு.”

அதிர்ஷ்டக் குலுக்கலில் எடுத்த படம்

கமலா அக்காவும் இந்தப் பக்கம்தான் நின்றார். அதை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் இன்னும் தொழிலாளிதானா என்று கம்பெனி வக்கீல் ஒரு கேள்வியைக் கிளப்பியிருந்தார். தொழிலாளிதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது. மரியதாஸ் அண்ணன் கேட்கவில்லை. “வேலையத் திரும்பக் கேட்டு கேஸ் போட்டிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா கமலாவுக்குத்தான் நட்டம்” என்று அவரை எங்களோடு நிறுத்திவிட்டார்.

எதிரே, வாசலில், அவர் லைனில் வேலை செய்த பெண்கள் அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பெனி விருந்தில் எடுத்த படம் அது. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்த ரைஸ்குக்கர். நாங்கள் ரைஸ்குக்கரை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தோம். படத்தைப் பிடித்திருந்தவர் பார்வதி அக்கா, பக்கத்து மிஷின்காரர், கமலா அக்காவுக்கு உயிர்த்தோழி. கை வலித்ததோ என்னவோ, படம் சாய்ந்துகொண்டே வந்தது. கமலா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏய் பார்வதி! நேராப் புடிடி! மூஞ்சி ஒரு பக்கமாத் தொங்குது பாரு!” என்று கத்தினார். நடுவில் ஒரு லாரி போனது. பார்வதி அக்கா காதில் விழவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே சொன்னார்:

“என் காரியத்துக்கு நானே வந்து நிக்கிற மாதிரி இருக்குலா.”

கோயில் வேன்

கூப்பிட்டவுடன் மறுபேச்சில்லாமல் வந்தது ஒரே ஒரு கூட்டம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள். இப்போது அங்கே ஒரு பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபாதி வீடமைப்பு. தோட்டம் போயும் சங்கப் பழக்கம் போகாத கொஞ்சம் பேர் கோயில் வேனை எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக வந்து இறங்கினார்கள். முன்னால் முனியாண்டி மாமா, மேல்பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையில். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கமுந்திங் இருக்கும் தைப்பிங் வட்டாரத்து மழை சொல்லிக்கொண்டா வரும்? ஒருவர்கூட வேனுக்குள் திரும்பவில்லை.

மறியல் நடப்பது தொழிலாளர்களின் மத்தியான ஓய்வு நேரத்தில். நேரம் முடிந்ததும் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். முனியாண்டி மாமா திகைத்துப் போனார். “எங்கம்மா போறாங்க?” வேலைக்கு மாமா என்றேன். “எந்த வேலைக்கு?” இதே பெக்டரிக்குத்தான் என்றேன். வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் சட்டத்தில் எத்தனை படி ஏற வேண்டும், ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

“காலையில அவனுக்கு வேல, மத்தியானம் அவனோட சண்ட, திரும்ப அவனுக்கே வேல. எப்படிம்மா மூஞ்சியில முழிக்கிறாங்க?”

மூன்று ஓய்வு நேரங்கள்

ஓய்வு நேரத்தில் மறியல் செய்தால் எப்போது சாப்பிடுவது? இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கமலா அக்காதான் கண்டுபிடித்தார். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டிக் கூடையில் கொண்டு வருவார். சாலையைக் கடக்கக் கூடாது என்பதால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி கார்டிடம் கொடுத்து அனுப்புவார். கார்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வார். அது அவர் கமிஷன்.

ஒரு திங்கட்கிழமை நிர்வாகம் ஓய்வு நேரத்தை மூன்றாக உடைத்தது. ஒரு லைன் போய்ச் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் அடுத்த லைன் வெளியே வரலாம். கூட்டமாக நின்றபோது வந்த தைரியம் நாலைந்து பேராக நிற்கும்போது வரவில்லை. நாளுக்கு நாள் வாசல் காலியானது. ஒரு நாள் வெளியே வந்தது பார்வதி அக்கா மட்டும். அவர் அந்தப் பக்கம் படத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். படத்துக்குச் சொந்தக்காரி இந்தப் பக்கம் கூடையோடு நின்றார். மிஞ்சிய பொட்டலங்களைக் கமலா அக்கா லாரிக்காரர்களுக்குக் கொடுத்தார். நான் கொதித்துப் போய் மரியதாஸ் அண்ணனிடம், இதற்கு வழக்குப் போட வேண்டும், இது அப்பட்டமான சதி என்று குதித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எதுக்குன்னு கேஸ் போடுவ தங்கச்சி? அவன் சாப்பாட்டு நேரத்தத்தானே மாத்தினான்.”

தூரத்துச் சொந்தம்

வாசலில் தோற்றதை நான் மின்னஞ்சலில் பிடித்தேன். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், மன்னியுங்கள். அந்த ரப்பர் வளையங்களை வாங்குவது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அங்கேயும் தொழிலாளர்கள் உண்டு, அவர்களுக்கும் சங்கம் உண்டு. கமலா அக்காவின் கதையை எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இந்த முறை ரைஸ்குக்கரை வெட்டவில்லை. அவர்கள் தங்கள் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் நிர்வாகம் கமுந்திங்கைக் கேள்வி கேட்டது. அதுவரை எங்கள் கடிதங்களுக்குப் பதிலே போடாத கம்பெனி, பேச்சுவார்த்தைக்குத் தேதி கேட்டது.

பேச்சுவார்த்தை அன்று மரியதாஸ் அண்ணனைக் காரில் கொண்டுபோய் விட்டேன். கம்பெனியின் மனிதவள மேலாளர் ஒரு தமிழர். வாசலுக்கே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது அந்த முகத்தில்.

“நீங்க இங்க வேலை செய்றவங்களும் இல்ல, இங்க சாமான் வாங்குறவங்களும் இல்ல. உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?”

கை தூக்கியவர்கள்

கம்பெனி இறங்கி வந்தது. சங்கத்தை ஏற்கிறோம், கூட்டு ஒப்பந்தம் போடுகிறோம், இனி விசாரிக்காமல் யாரையும் நீக்க மாட்டோம் என்றது. பதிலுக்கு ஒன்று கேட்டது: மறியலை நிறுத்த வேண்டும், கமலா விஷயத்தைச் சங்கம் விட்டுவிட வேண்டும், அவருடைய வழக்கை அவர் நீதிமன்றத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

முடிவெடுக்கக் கமுந்திங்கில் ஒரு மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். கமலா அக்காவும் வந்தார், கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் ஓட்டு இல்லை. நான் எழுந்து, “யாருக்காகச் சண்டையைத் தொடங்கினோமோ அவரையே...” என்று ஆரம்பித்தேன். “நீ உறுப்பினர் இல்லம்மா, உக்காரு” என்றார் மரியதாஸ் அண்ணன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அடுத்துப் பார்வதி அக்கா எழுந்தார். “எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. வீட்டுக்காரரு டயாலிசிஸ்ல இருக்காரு. சங்கம் வந்துட்டா நாளைக்கு என்னைய சும்மா தூக்க முடியாது. ஆனா கமலா... கமலா என்ன சொல்றாளோ அதான்” என்று சொல்லிவிட்டு அழுதார். மண்டபமே திரும்பிக் கமலா அக்காவைப் பார்த்தது. அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. பார்வதி அக்காவின் கை கடைசியாக, காதுவரைதான் எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நான் கமலா அக்காவோடு சண்டைக்கே போய்விட்டேன். “ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருந்தா ஒருத்தர்கூடத் தூக்கியிருக்க மாட்டாங்கக்கா. சரி, ஒத்துக்கங்கன்னாவது சொல்லியிருக்கலாம், பார்வதி அக்கா அப்படி அழுதிருக்க மாட்டாங்க. ரெண்டும் சொல்லாம கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?” அவர் கைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே பதில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

“வேணாம்னு சொன்னா அவங்க பொழப்பு போயிரும். ஒத்துக்கங்கன்னு சொன்னா அவங்களுக்கு லேசாப் போயிரும். லேசா எதுக்குப் போவணும்? கஷ்டப்பட்டே தூக்கட்டும்லா கைய.”

ஆக, ஒரு பெண்ணைத் திரும்ப உள்ளே அனுப்ப நான் ஊரையெல்லாம் கூப்பிட்டேன், சங்கம் உள்ளே போய்விட்டது, அந்தப் பெண் இன்னும் வெளியே நிற்கிறார், இதற்கு எங்கள் அலுவலகத்தில் வெற்றி என்று பெயர்.