நங்கைக்குக் குடுத்த விதைக்கருது

மரபணு மாத்துன மக்காச்சோளம் வேணுமா வேண்டாமான்னு இப்பக் கூட்டம் போட்டுப் பேசறாங்க. ஒருக்கா என்னையும் கூப்பிட்டாங்க. பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன். எழுபதுகள்ல எங்க பெருமாட்டிப் பக்கம் வந்தது ரெண்டு ரகத்தைச் சேத்து உண்டாக்குன வெறும் ஒட்டுச்சோளந்தான். அது வேற, இது வேற. ஆனாலும் வெதைன்னு பேச்செடுத்தா எனக்கு இருப்புக் கொள்றதில்ல.

கிருஷி ஆபீஸ்காரர், அதான் வெவசாய ஆபீசர், குடுத்த அந்த ஒட்டு, மொத வருசம் எங்க கிணத்துத் தண்ணியில அமோகமா வெளைஞ்சுது. இதுல வெதைக்கு எடுத்து வெக்காதீங்க, மறுக்கா போட்டா ஒண்ணுபோல வராது, அடுத்த போகத்துக்குப் புதுசா வாங்கோணும்னு அவரு எங்கிட்டத்தான் சொன்னாரு. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. வெதை பொறுக்கறது எங்க பக்கம் பொம்பளைக வேலை. நல்ல கருதாப் பாத்து, தோகையைப் பின்னி, அடுப்புப் புகை படறாப்புல மேல கட்டி வெப்போம். எங்கூட்டு வெதைக்கு இவரு யாரு சட்டம் பேசன்னு ஒட்டுக்கருதையே கட்டித் தொங்கவிட்டேன். பழைய நாட்டுக்கருது பொடுசாக் கெடந்துச்சு. எடத்தை அடைக்குதுன்னு எருமைக்கு அரைச்சு வெச்சுட்டேன். எங்கூட்டுக்காரர்கிட்ட மூச்சு விடலை.

ஆடிக்கு முன்னாடி எங்கூட்டுக்காரரோட அக்கா வந்தாங்க. எனக்கு நங்கை. எல்லையோரத்துல அவங்க காடு. கிணறு கெடையாது, மழையை நம்புன பூமி. கல்யாணமாகிப் போனதுல இருந்து வெதை எங்கூட்டுலதான். அதுல வெளையறதுதான் அவங்களுக்கு வருசம் பூராச் சோறு. இருக்கறதுலயே பெரிய கருதா அவுத்துக் குடுத்தேன். அத்தனை பெருமை எனக்கு.

எங்க காட்டுல பயிர் எந்திரிச்சப்பத்தான் தெரிஞ்சுது. ஒண்ணு ஆள் ஒசரம், பக்கத்துலயே ஒண்ணு முழங்கால் ஒசரம். எங்களுக்குக் கிணறு இருக்குது, பாதியாவது தேறும். நங்கை என்ன பண்ணுவாங்க? சொல்லி அனுப்பலாம்னா, வெதைச்சதைத் திருப்பி எடுக்க முடியுமா? அந்த வருசம் மழையும் ஏமாத்திருச்சு. காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா வரப்புல நடப்பேன். காலுல சக்கரமா கட்டியிருக்குதுன்னு எங்கூட்டுக்காரர் கேட்டாரு. களை பாக்கறேன்னேன்.

பொறுக்கமாட்டாம ஒரு நாள் நானே நடந்து போனேன். நங்கை சோளத்தட்டை அறுத்துட்டு இருந்தாங்க, மாட்டுக்கு. பாதிக்கு மேல கருதே புடிக்கலை. புடிச்சதை உரிச்சா அங்கொரு மணி, இங்கொரு மணி. திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

தண்ணி மோந்து குடுத்தாங்க. "வெதையைக் கொறை சொல்லக் கூடாது கண்ணு. நீ குடுத்தது ஒசத்திதான், எங்க மண்ணு குடுத்து வெக்கலை. அடுத்த தடவை நம்ம பழைய கருதே குடு. அதுன்னா மழை தப்புனாலும் தாக்குப் புடிக்கும்."

சொம்பைக் கீழ வெச்சேன்.

"அதை எருமைக்கு வெச்சுட்டேனுங்க."

சொம்பை எடுக்கக் குனிஞ்ச நங்கை நிமுந்து பாத்தாங்க.

"அத்தனையுமா?"ன்னாங்க.