பாரைக்கு இடது, சுறாவுக்கு வலது

மரியாம்பிள்ளை அண்ணை காலமான செய்தியை, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். "பத்து எண்ணிப் பாத்தனீங்களோ? மனுசன் ஒன்பதில எழும்பக்கூடிய ஆள்" என்று என் வாய் கேட்டுவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் மீன் பெட்டியொன்றில் குந்திவிட்டேன்.

அவரை வழியனுப்ப வந்திருக்கிற உங்களுக்குத் தெரியும். இளமையில் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தபோது குத்துச்சண்டை பழகி, வளைந்த மூக்கோடு ஊர் திரும்பிக் கடற்தொழில் செய்தவர். ஐம்பது தாண்டியதும் பெயர்கள் மறக்கத் தொடங்கின. மனைவி றீத்தா அக்காவை "இஞ்சாரும்" என்றே கூப்பிடுவார். அது மரியாதை என்று கனகாலம் நம்பியிருந்தோம்.

யாழ்ப்பாணத்து டொக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். "தலையில பட்ட அடியள் மூளைக்குக் கூடாது. ஆனால் பயிற்சி நல்லது. கை கால் ஓடட்டும், தலையில ஒருத்தரும் தொடக்கூடாது" என்றார் அவர். ஒரே விளையாட்டு எப்படிக் கெடுக்கவும் திருத்தவும் செய்யும்? திரும்பும்போது பஸ்ஸில் அண்ணையிடமே கேட்டேன்.

"நீ கலியாணம் கட்டினனிதானேயடா? அப்ப விளங்கவேணும்" என்றார்.

அக்காவின் பயம் வேறு. கடற்படை தடை செய்த பக்கம் படகு திரும்பினால் ஆள் வீடு வந்து சேராத சண்டைக் காலம் அது. தனியே போகிறவருக்குத் திசை மறந்தால்? ஆகவே ஒரு சட்டம் போட்டார். அண்ணை மணல் சாக்குக்கு முன்னால் நிற்க, நான் மீன்களின் பெயரைச் சொல்லவேண்டும். பாரைக்கு இடக்கைக் குத்து, சுறாவுக்கு வலக்கை, திருக்கைக்குக் குனிந்து விலகல். பிழை விடாவிட்டால்தான் அன்றைக்குக் கடல்.

முதலில் கை தடுமாறும். கயிறு சுழற்றித் துள்ளி வியர்த்த பிறகு பார்த்தால் வேறு ஆள். பயிற்சியில்லாத மழைநாளில் தேத்தண்ணிக்கு உப்புப் போடுகிறவர், பயிற்சி செய்த நாளில் என் பழைய பகிடிகளில்கூடப் பிழை பிடிப்பார். எங்கே போய், எங்கிருந்து திரும்பி வருகிறது இந்தப் புத்தி? எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

"கருவாடு!" என்று கத்துவேன்.

"அதுக்கு அடியில்லை. அது முந்தியே செத்தது. ஒழுங்காச் சொல்லடா, விசரா!"

ஒருநாள் "சுறா" என்றேன். இடக்கை போனது. மறுபடி சொன்னேன். மறுபடியும் இடக்கை. அக்கா என்னைப் பார்த்தார்.

"பாரையெண்டுதானக்கா சொன்னனான்."

"பொய் சொல்லாதை" என்றார் அண்ணை. "சுறா எண்டு எனக்குக் கேட்டது. கைக்குத்தான் கேக்கேல்ல." கையில் சுற்றியிருந்த துணியைத் தானே அவிழ்த்தார். "இனித் தனியப் போகேலாது."

அதன்பின் என் படகில் வந்தார். என் பெயரும் போய்விட்டது, கொழும்பில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற மாதிரி "ஐசே" ஆனேன். ஒருநாள் நான் குனிந்து வலை எடுக்கையில் அலை படகைத் தூக்கிப் போட, தடியொன்று என் பக்கம் சரிந்தது. நான் நிமிருமுன் அவருடைய கை என் தலைக்கு மேல் நின்றது. அடி கையில் விழுந்தது.

"தலை கவனம், ஐசே. நீர் ஆரெண்டு தெரியேல்ல. எண்டாலும் தலை கவனம்."

அண்ணை எனக்கு விட்டுப்போனது இந்தத் தலைதான். உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும் றீத்தா அக்காவிடம் கேட்டுவிடாதீர்கள்.