அத்தைக்காக வாங்கிய ஃபிளாஷ்

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது தாத்தாவின் கட்டளை. அப்படிப்பட்ட மாப்பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்ப எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அத்தை கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒரு வீட்டார், பெண்ணுக்குப் பார்வை சரியாக இருக்கிறதா என்று தரகரிடம் கேட்டனுப்பினார்கள். இன்னொரு வீட்டார் எதுவும் கேட்காமல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படம் எடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். தாத்தா கூப்பிட்டுக் கேட்டபோது பழியை, படம் எடுக்கையில் பளிச்சென்று எரியும் பல்பின் மேல் போட்டார்.

"பல்பு படார்னு எரியுதுங்க. யாரா இருந்தாலும் கண்ணை மூடிடுவாங்க. இப்ப பேட்டரி ஃபிளாஷு வந்திருக்குது. இமைக்கிறதுக்குள்ள மின்னல் மாதிரி வெட்டிடும். கரண்ட்டும் வேணாம், எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போவலாம்."

கடைசி வார்த்தை தாத்தாவுக்குப் பிடித்துப்போனது. பெண்ணை அடிக்கடி ஸ்டூடியோவுக்கு அனுப்புவதில் அவருக்கு விருப்பமில்லை.

"அப்ப நம்ம வூட்டுலயே எடுத்துடு. ஆனா பொருளை நான்தான் பார்த்து வாங்குவேன்" என்றார்.

தாத்தாவுக்கு ஃபிளாஷைப் பற்றி ஒன்றும் தெரியாது. பீங்கான் தொழிற்சாலையில் ஊறுகாய் ஜாடிகளை விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டவற்றைக் கழிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளின் யோக்கியதையும் தட்டினால் தெரிந்துவிடும் என்று நம்பினார். தாத்தா, மாமா, நான் மூவரும் மெட்ராஸுக்கு ரயிலேறினோம். எடுத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

கடைக்காரர் முதலில் காட்டியது ஆளுயரத்துக்குக் கால் வைத்த பெரிய விளக்கு. கரண்ட் இல்லாமல் எரியாது என்றதும் தாத்தா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தது கைக்கடக்கமான பிளாஸ்டிக் ஃபிளாஷ். மாமா அதை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தார். தாத்தா வாங்கித் தட்டினார்.

"விரிசல் சத்தம் கேக்குது" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது, கனத்த உலோகக் கைப்பிடியும், தோளில் மாட்டிக்கொள்ளத் தோல் உறை போட்ட பேட்டரிப் பெட்டியும் கொண்டது. தாத்தா அதை மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். தட்டினார். முகம் மலர்ந்தது. பிறகு கைப்பிடியைத் தலைக்கு மேலே தூக்கி, கீழே போடத் தயாரானார். கடைக்காரர் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"ஐயா! அது செதறு தேங்கா இல்லீங்க!"

மாமா அதை என் முகத்தில் வெட்டிப் பார்த்தபோது நான் முழித்த முழி மாறாமல் இருந்தேன். கண் சிமிட்டினால் மெட்ராஸிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று தாத்தா சொல்லியிருந்தார்.

அதையே வாங்கினோம். ஊரில் இறங்கும்போது தோள்வார் நழுவி, ஃபிளாஷ் பிளாட்பாரத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தானாகவே ஒருமுறை பளீரென்று வெட்டியது. போர்ட்டர் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தாத்தா எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல தம்பி, எந்திரி. இதைத்தான் கடையிலயே பார்த்துடலாம்னு நெனைச்சேன்."

மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தையை உட்கார வைத்தார்கள். கேமரா அதன் முக்காலியில் நேராக நின்றது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் முகம் எடுப்பாக இருக்கும் என்று, மாமா ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி ஓரமாக நின்றார். கேமராவிலிருந்து நீண்ட ஒயரின் பொத்தானை அங்கிருந்தே அழுத்தினார்.

கழுவி வந்த படத்தைப் பார்க்க எல்லோரும் கூடினோம். அத்தையின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அவை கேமராவைப் பார்க்கவில்லை. மாமா நின்ற ஓரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தை அதற்கு முன்பே அங்கே ஓடிப்போயிருந்தாள். தாத்தா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மாமாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"உக்காருங்க" என்றார் தாத்தா. "வெள்ளிக்கிழமை உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வாங்க."

அன்றுவரை மாமாவை அவர் வா, போ என்றுதான் பேசுவார். நல்ல ஃபிளாஷ் ஒன்று கையில் இருந்தால் தாத்தாவே மரியாதை கொடுப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவளானதும் முதல் வேலையாக மெட்ராஸ் போய் அதேபோல ஒன்று வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.