குஞ்சம்மாள் வார்த்த மணி

குஞ்சம்மாள் வம்பாகீரப்பாளையத்து மீனவப் பெண். கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு, கண்ணையனின் கருவாட்டுக் கிடங்கில் மீன் கீறி உப்புப் போடும் வேலைக்குப் போனாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வேலை கிடைப்பதே பெரிய பாடு. எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளப் பெண்கள் வாசலில் காத்துக்கிடந்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட கண்ணையன், கூலியில் பாதியைப் பழைய துட்டாகக் கொடுக்க ஆரம்பித்தார். தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட செம்புக் காசுகள். பெரிய கடை மார்க்கெட்டில் உப்பு விற்பவள்கூட அதைத் தொடமாட்டாள். கண்ணையனைக் கேட்டால், "ஊருக்கெல்லாம் செல்லுது, ஒனக்கு மட்டும் செல்லலியா?" என்பார்.

ஒருநாள் அரிசிக் கடைக்காரர் துட்டைப் பார்த்துவிட்டு, மடியில் வாங்கிய அரிசியைத் திரும்பக் கொட்டச் சொன்னார். நாலு பேர் பார்க்கக் கொட்டினாள். பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கூட வேலை செய்யும் பெண்களிடம் போய், "செல்லாததையெல்லாம் எங்கிட்ட குடுங்கடி" என்று முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு, பித்தளைச் சாமான் வார்க்கும் வேம்புவின் பட்டறைக்கு வந்தாள்.

"எடை போட்டு வெலை தர்றேன்" என்றான் வேம்பு.

"வெலை வேணாம். உருக்கி ஒரு மணி வார்த்துக் குடு."

வேம்பு தயங்கினான். "துரைத்தனத்துக் காசாச்சே குஞ்சம்மா. உருக்கினா உள்ள போட்டுடுவான்."

"கடையில வாங்கமாட்டேன்னு தள்ளின காசு அவனுக்கு எதுக்கு? நீ போடுறியா, நானே போடட்டுமா?"

அவன் அசையவில்லை. முந்தானையை அவளே உலோகம் உருக்கும் மூசைக்குள் அவிழ்த்துக் கொட்டிவிட்டுத் துருத்தியருகே உட்கார்ந்தாள். காசுகள் சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கூழாய்க் குழைந்தன. வெறும் செம்பில் ஓசை வராது என்று வேம்பு தன்னிடமிருந்த வெள்ளீயத்தையும் சேர்த்தான். கூலி கேட்கவில்லை. "எம் பேர மட்டும் சொல்லிடாத" என்றான்.

குஞ்சம்மாள் கிடங்கு வேலையை விட்டாள். கரையில் மீன் எடுத்து, தலையில் கூடை, கையில் மணியோடு தெருத்தெருவாக விற்றாள். தினமும் முதலில் நின்றது கண்ணையன் வீட்டு வாசலில்.

"கண்ணையன் குடுத்த கூலி பேசுது, கேட்டுக்குங்க! கடையில செல்லாத கூலி!"

ஒரு வாரம் பொறுத்த கண்ணையன், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது.

"இந்த மணிய எதுல செஞ்ச?" என்றார் போலீஸ்காரர்.

பித்தளை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"துட்டுல, முசியே. இவரு குடுத்த துட்டுல. அது நல்ல காசுதான்னு இவரு சொல்லட்டும், நான் ஜெயிலுக்கு வர்றேன். செல்லாத காசுன்னா எங்க கூலிய எடுத்து வெக்கட்டும்."

நல்ல காசு என்றால் அதை மாற்றித் தரச் சொல்லிக் கூட்டமே தன்னிடம் வரும் என்று கண்ணையன் ஓரடி பின்னால் நகர்ந்தார். போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

சேதி கிடங்குக்கு எட்டியதும் பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். கை கழுவக்கூட நிற்காமல் வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கென்று கானாங்கத்தை மீன் மலிந்து வந்திருந்தது. உப்புப் போட ஆளில்லாமல் வெயிலில் நாறத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் கண்ணையன் வியர்த்துக் கொட்ட ஓடிவந்து, புகார் எதுவும் இல்லை என்றார்.

"நீ போலாம். மணி இங்கயே இருக்கட்டும்" என்றார் ஸ்டேஷன் அதிகாரி.

"மணி இல்லாம நான் நகரமாட்டேன்."

வெளியே இருந்த கூட்டத்தையும் அதன் நாற்றத்தையும் கொஞ்சநேரம் சகித்துப் பார்த்தார் அதிகாரி. பிறகு மணியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை அங்கேயே, அவர் மேசைக்கு முன்னால், ஓங்கி ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மறுவாரத்திலிருந்து கிடங்கில் நல்ல காசில் கூலி வந்தது. பழைய துட்டு வைத்திருந்தவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். குஞ்சம்மாளை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.