ஏ-40 எஞ்சினுக்குப் பூசிய கியூட்டெக்ஸ்

சவிரியண்ணை போய்விட்டார்.

தம்பி பின்னேரம் போன் எடுத்துச் சொன்னான். குருநகரில், தன்னுடைய வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவராம்… எழும்பவில்லை. எழுபத்துச் சொச்சம் வயது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, ஸ்பானர் சாவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுவில் பக்கம் கார் திருத்த வந்தவர். அப்பாவுக்கும் அவர் அண்ணை, எனக்கும் அண்ணை.

தொண்ணூற்றுமூன்றாக இருக்கவேண்டும். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு நிறைமாதம். அப்பாவின் ஏ-40 கார் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடி ஓடி நாசமாகி, எங்கள் பலாமரத்தின் கீழ் துண்டு துண்டாகக் கிடந்தது.

கார் சரிவராவிட்டால் அம்மா எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். (அப்போதே நான் இப்படித்தான்.) அப்பா சைக்கிள் கரியரில் தலையணையைக் கட்டிக் காட்டினார். அதில் ஏறுவதைவிடக் கிணற்றடியிலேயே பெற்றுவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

எஞ்சின் புளொக்குக்குள் எண்ணெய் ஓடுவதற்கு நரம்பு மாதிரி வழிகள் இருக்கும். சவிரியண்ணை அவற்றின் வாயில் இருந்த திருகு மூடிகளைக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே எல்லாம் துடைத்துவிட்டார். திரும்ப மூடும்போதுதான் பிரச்சினை. ஒழுகாமல் பூசுகிற பசை இல்லை. யுத்தத் தடையைத் தாண்டிக் கொழும்பிலிருந்து வரவேண்டும். வராது.

"அதிலை ஒழுகினால் எண்ணெய் வடிஞ்சு எஞ்சின் இறுகிப்போம். பிறகு நடுரோட்டிலைதான் பிள்ளைப்பெறு" என்று அவர் அப்பாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னதை நான் கேட்டுவிட்டேன்…

கியூட்டெக்ஸ் பூசினால் நிற்கும் என்றார். நகத்துக்குப் பூசுகிற அதே கியூட்டெக்ஸ்தான். நல்லூரில் பான்சிக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கடைப் பெண், தேடத் தொடங்குமுன்பே என்ன கலர் என்று கேட்டாளாம். "எண்ணெய்க்குக் கண் தெரியாது தங்கச்சி, எதெண்டாலும் தா" என்றாராம். எதுவும் இருக்கவில்லை.

என்னிடம் ஒரு போத்தல் இருந்தது. சித்தி தந்தது. ரோஸ் கலர். பள்ளிக்கூட நடனத்துக்கு மட்டும் பூசுவது. கொம்பாஸ் பெட்டிக்குள் நான் ஒளித்து வைத்திருந்ததை அம்மா காட்டிக்கொடுத்துவிட்டார்.

கொடுத்தேன்… ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கிரீஸ் ஊறிய அந்தப் பெரிய விரல்களில் அந்தச் சின்ன பிரஷ். சின்னவிரலை வேறு தூக்கிப் பிடித்திருந்தார். மூடியின் புரியில் பூசி, திருகி இறுக்கி, மேலாலும் ஒரு பூச்சு. ஒவ்வொரு மூடிக்கும் ஒழுகாதோ என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒழுகாது என்றார். கடைசியில் என் பெருவிரல் நகத்திலும் ஒரு இழுவை.

"உந்த நகம் காயேக்கைதான் இதும் காயும். நீ சொன்னாத்தான் மிச்சச் சாமானெல்லாம் எஞ்சினிலை பூட்டுவன். பொய் சொல்லக்கூடாது, கொம்மாவைத்தான் ஏத்தப்போறம்."

அன்று முழுக்க நான் சொல்லவில்லை. காய்ந்த மாதிரித்தான் இருந்தது… உள்ளே காயாமல் இருந்தால்?

நகம் காய ஒரு நாளோ என்று அப்பா கத்தினார். சவிரியண்ணை வேறெதையோ கழுவிக்கொண்டு, "பிள்ளை சொல்லட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை அம்மா என் கையைப் பிடித்து, அந்த நகத்தைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, குசினி அடுப்படியில் இருந்தே சொன்னார். "காய்ஞ்சிட்டுது அண்ணை. பூட்டுங்கோ."

ஐந்தாம் நாள் பத்து மணி வெயிலில் வலி வந்தது. சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் எடுத்து, ஒழுங்கை முழுக்க மண்ணெண்ணெய்ப் புகையோடு கார் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. முன்சீட்டில் சவிரியண்ணை. நான் பக்கத்து வீட்டில்.

பின்னேரம் கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நேரே காருக்குக் கீழேதான் குனிந்தேன். அவர் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் தானும் குந்தினார்.

"தம்பி. ஒழுகேல்லை."

இரண்டையும் ஒரே மூச்சில். அந்தத் தம்பிதான் இன்றைக்குப் போன் எடுத்தவன்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எங்களைச் சாவகச்சேரி வரைக்கும் கொண்டுபோனதும் அதே கார்தான். அதே ரோஸ் கலர் மூடிகள்தான்.

பிறகு கனகாலம் அவரைக் காணவில்லை. என் கலியாணத்துக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட், படிய இழுத்த தலை, கையில் சின்னப் பார்சல். உள்ளே ஒரு போத்தல் ரோஸ் கலர் கியூட்டெக்ஸ்.

"இந்தமுறை கலர் பாத்து வாங்கினனான், பிள்ளை."

மகளுக்குச் சளி. இப்போதுதான் நித்திரையானாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு வந்து, அந்தப் போத்தலைத் தேடி எடுத்தேன். இதுவரை திறக்கவே இல்லை. கொஞ்சம் தடித்துப் போயிருக்கிறது. பெருவிரலுக்கு மட்டும் பூசினேன்.

அந்த விரலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் டைப் பண்ணினேன்…

காய்ஞ்சிட்டுது அண்ணை.

பூட்டுங்கோ.